மூன்றரை யூனிட் மண்ணும் ஒரு தரைப்பாலமும்

தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆற்றிலிருந்து 10 கன மீட்டருக்கு மேல் மண் அள்ளவோ, அந்த அளவுக்கு மேல் எதையாவது ஆற்றுக்குள் கொட்டவோ வேண்டுமானால் முதலில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 10 கன மீட்டர் என்பது நம் ஊர் மணல் கணக்கில் மூன்றரை யூனிட். பெரிய டிப்பர் லாரி ஒன்று ஒரே நடையில் அடித்துவிடும். வீடு கட்டும் தனியாருக்கும் இதே சட்டம்தான், பாலம் கட்டும் நகராட்சிக்கும் இதே சட்டம்தான். நகராட்சிகளுக்கு இந்த அனுமதிகளை வாங்கிக் கொடுப்பது என் தொழில்.

நாகர்கோவிலில் சிவில் படித்துவிட்டு மேற்படிப்புக்காக டர்பனுக்கு வந்தேன். இங்கேயே வேலை, கல்யாணம், சாட்ஸ்வொர்த்தில் வீடு என்று ஆகிவிட்டது. இந்த நாட்டில் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் பதிவு அமைப்பில் பெயர் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். அந்தப் பதிவு என்னிடம் இருப்பது உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தக் கோயில் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒரு மாமா என்னிடம் வந்து கேட்பார்: "ஒரு சின்னப் பாலம் கட்ட ஏன்மா இத்தனை காலம்? தவளை இருக்கு, புல்லு இருக்குன்னு உங்க ஆளுங்கதானே நிறுத்தி வைக்கிறீங்க?"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் இங்கே பெய்த மழையைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைச்சரிவில் இருந்த வீடுகள் அப்படியே இறங்கின. டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டின் குடிநீர் நிலையம் சிதைந்து, அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தார்கள். அப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்களிடம் போய் "அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது" என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் பாலம் தாமதமாவதற்குக் காரணம் தவளையும் இல்லை, சட்டமும் இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எல்லா முடிவும் எடுத்து முடித்த பிறகு கடைசியாக அனுமதி கேட்க வருகிறார்களே, அதுதான் காரணம். அதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு வேலையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் நகராட்சியின் பெயரும் வேண்டாம். கடலோரத்தில் கரும்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சிறிய ஊர். நம் ஆட்களும் ஜூலு மக்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆறு போகிறது, மேலே ஒரு பழைய தரைப்பாலம். அடியில் வரிசையாகக் கான்கிரீட் குழாய்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் நாணலும் மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் வந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். நீர் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஏறி வலது கரை வீடுகளுக்குள் நுழையும். 2022 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பக்கச் சாலைக்கரையே பெயர்ந்து போனது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுவழியில் போக வேண்டிய நிலை.

நகராட்சி நிதி ஒதுக்கியது. பொறியாளர்கள் பெட்டி வடிவ கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் நீர் போகும் கான்கிரீட் வழி, வரைந்தார்கள், மதிப்பீடு போட்டார்கள், கவுன்சிலில் ஒப்புதல் வாங்கினார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, "எல்லாம் ரெடி. நீங்கள் அனுமதி மட்டும் வாங்கித் தந்தால் போதும், ஜூலையில் வேலை ஆரம்பம்" என்றார்கள்.

இங்கே நான்கு காலண்டர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அது புரிந்தால் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதும் புரியும்.

முதலாவது பணத்தின் காலண்டர். இங்கே நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடிகிறது. மத்திய அரசு தரும் உள்கட்டமைப்பு மானியத்தை அந்த ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால், தனியாக அனுமதி கிடைத்தாலொழிய அது திரும்பிப் போய்விடும். அதனால்தான் எல்லோருக்கும் ஜூலையில் அவசரம் பிடிக்கிறது.

இரண்டாவது சட்டத்தின் காலண்டர். இந்த அளவு வேலைக்கு 'அடிப்படை மதிப்பீடு' என்ற வழி போதும். விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் இறுதி அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த 90 நாளில் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துச் சொல்வதற்கு. பிறகு மாகாணச் சுற்றுச்சூழல் துறை முடிவெடுக்க 107 நாள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை உள்ள நாட்கள் கணக்கில் சேராது, ஊரே விடுமுறையில் இருக்கும் காலம் அது. முடிவு வந்ததும் 14 நாளுக்குள் பதிவு செய்துகொண்ட எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு மேல்முறையீடு செய்ய 20 நாள். யாராவது மேல்முறையீடு செய்தால் அது தீரும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஜூலை 1 அன்று விண்ணப்பம் கொடுத்தால் அறிக்கை செப்டம்பர் கடைசியில் போகும். முடிவு பிப்ரவரி முதல் வாரத்தில் வரும். மேல்முறையீட்டுக் காலம் முடியும்போது மார்ச் இரண்டாம் வாரம் ஆகியிருக்கும். இத்தனைக்கும் யாரும் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை.

மூன்றாவது ஆற்றின் காலண்டர். எங்கள் பக்கம் மழை கோடையில்தான், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. ஆற்றுக்குள் இறங்கி அஸ்திவாரம் தோண்ட மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலம்தான் சரி. நீர் குறைந்திருக்கும், மணல் மூட்டை அடுக்கி ஓட்டத்தை ஒரு பக்கமாகத் திருப்பலாம், ஆட்களுக்கும் ஆபத்தில்லை. மார்ச்சில் அனுமதி வந்தாலும் மே வரை ஆற்றில் இறங்க முடியாது. ஜூனோடு நிதியாண்டு முடிகிறது. மீதி இருப்பது இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் கல்வெர்ட் கட்டச் சொன்னால் ஒப்பந்ததாரர் என்ன செய்வார்? கான்கிரீட் இறுகுவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளுவார்.

நான்காவது, மாமாக்கள் எல்லோரும் திட்டுகிற அந்தத் தவளையின் காலண்டர். பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று பெயர். அதிகபட்சம் 3 சென்டிமீட்டர் இருக்கும். உலகத்தில் க்வாசுலு-நட்டால் கடலோரச் சதுப்புகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. சதுப்பை வடித்துக் கரும்பு போட்டு, ஆலை கட்டி, வீடு கட்டி இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. கோடை மழைக்காலத்து இரவுகளில்தான் ஆண் தவளை கத்தும். அந்தச் சத்தமும் ஏதோ பூச்சி கிரீச்சிடுவது போல அத்தனை மெலிதாக இருக்கும். ஜூலையில் போய்த் தேடினால் ஒன்றும் கேட்காது. "நாங்கள் பார்த்தோம், இல்லை" என்று குளிர்காலத்தில் எழுதும் அறிக்கையை எந்த நிபுணரும் ஏற்க மாட்டார். ஆக, ஜூலையில் விண்ணப்பிக்க வேண்டுமானால் தவளைக் கணக்கெடுப்பு அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இந்த நான்கையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகவே இருக்கிறது. பணம் வரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே அனுமதி வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இதைச் சொன்னால் "பணமே இன்னும் வரவில்லையே" என்பார்கள். மதிப்பீட்டுக்கு ஆகும் செலவு பாலத்தின் செலவில் சிறு பங்குதான். அதை முந்தைய பட்ஜெட்டில் போடுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

சரி, அந்தப் பாலத்துக்கு வருகிறேன். அனுமதி என்றால் ஒரே ஒரு காகிதம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஒன்று. அதே ஆண்டு வந்த தேசிய நீர்ச் சட்டத்தின்கீழ் இன்னொன்று. ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பினாலும் படுகையையோ கரையையோ மாற்றினாலும் அது வேண்டும். சதுப்புநிலம் 500 மீட்டருக்குள் இருந்தாலே நீர்ச் சட்டம் எட்டிப் பார்க்கும். பாலம் 50 மீட்டருக்கு மேல் நீண்டாலோ, சாலை, குழாய் போன்றவை 300 மீட்டரைத் தாண்டினாலோ பாரம்பரியத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய கட்டடத்தை இடிப்பதென்றால் அதற்குத் தனி. பாதுகாக்கப்பட்ட மரத்தில் கை வைத்தால் வனச் சட்டம். எங்கள் கடலோர ஆறுகளின் கழிமுகங்களில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன, அவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

சதுப்பு எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துச் சொல்லும் முறை எனக்கு இன்றும் பிடித்தமானது. கைத்துளைப்பானை மண்ணில் திருகி இறக்கி, வரும் மண்ணைக் கையில் வைத்துப் பார்ப்போம். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தது போன்ற செம்பொட்டுகள் மேல் 50 சென்டிமீட்டருக்குள் தெரிந்தால், அந்த இடத்தில் நீர் ஏறி இறங்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். மேலே புல் காய்ந்து கிரிக்கெட் மைதானம் போல இருந்தாலும் மண் உண்மையைச் சொல்லிவிடும். இந்த ஊரில் அப்படித் துளைத்துப் பார்த்தபோது, ஒப்பந்ததாரரின் கொட்டகையும் ஜல்லிக் குவியலும் போட நகராட்சி குறித்துவைத்திருந்த இடம் முழுக்கச் சதுப்பாக இருந்தது. சாலைக்கு மறுபக்கம் மாற்றினோம். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தது, ஒரு காசு அதிகமில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் வெள்ளக்கோடு. நூறாண்டில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை ஏறும் என்று நீரியல் நிபுணர் கணினியில் கணக்கிட்டுக் கோடு போடுவார். நகராட்சியின் வடிவமைப்பில் சாலையை உயர்த்துவதற்காக இரண்டு பக்கமும் மண்மேடு இருந்தது. பார்க்க அழகான சாலை. ஆனால் வெள்ளம் வந்தால் அந்த மேடு அணை போலக் குறுக்கே நிற்கும். கல்வெர்ட்டின் வாய் தாங்காத நீர் மேட்டுக்குப் பின்னால் தேங்கி, ஏற்கனவே மூழ்குகிற அதே வலது கரை வீடுகளில் இன்னும் உயரமாக ஏறும். குறுகிய வாய் வழியாக வேகமெடுத்து வெளியேறும் நீர் கீழ்ப்பக்கக் கரையை அரிக்கும். மதிப்பீடு என்ற ஒன்று இல்லாமல் ஜூலையில் வேலை தொடங்கியிருந்தால், மக்களின் பணத்தில் அந்த மக்களின் வீட்டுக்குள் தண்ணீர் விடும் பாலம் ஒன்று எழுந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மக்கள் கருத்துக் கேட்பு என்பதைப் பல அதிகாரிகள் சடங்காக நினைக்கிறார்கள். 60 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் அளவுள்ள அறிவிப்புப் பலகையை வேலை நடக்கும் இடத்தில் நட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம். பக்கத்து நிலக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் வார்டு கவுன்சிலருக்கும் எழுத்து மூலம் தகவல். இவ்வளவையும் செய்துவிட்டால் சட்டத்துக்குப் போதும். அந்த ஊருக்கு எனக்கு அது போதவில்லை. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகப் போனோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருபவர்களிடம் பேசினோம். பிறகு கூட்டத்தை நகராட்சி அலுவலகத்தில் வைக்காமல், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் வைத்தோம். வேலைக்குப் போகிறவர்கள் பகல் 11 மணிக்கு எப்படி வருவார்கள்?

அந்தக் கூட்டத்தில் கிடைத்தவை எந்தக் கணினியிலும் கிடைத்திருக்காது. எண்பது வயதைக் கடந்த ஓர் ஆயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இங்கே பிறந்து வளர்ந்த நம் ஆட்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. திரையில் இருந்த வெள்ளக்கோட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணு, அந்தக் கோடு தப்பு. எம்பத்தேழுல தண்ணி எங்க வூட்டு மீட்டர் பெட்டி வரைக்கும் வந்துச்சு. நான் அலமாரி மேல ஏறி உக்காந்திருந்தேன்" என்றார். 1987 செப்டம்பர் வெள்ளம் நட்டாலில் பாலங்களை வரிசையாக அடித்துக்கொண்டு போன வெள்ளம். மறுநாள் சர்வேயரோடு அவர் வீட்டுக்குப் போனோம். மீட்டர் பெட்டியின் உயரத்தை அளந்து பார்த்தால் கணினிக் கோட்டைவிட மேலே இருந்தது. நீரியல் நிபுணர் மறுபடி உட்கார்ந்தார். குழாய்கள் திறந்திருப்பதாக வைத்துக் கணக்கிட்டிருந்தார். நாணல் அடர்ந்த படுகை ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பதையும் குறைத்துப் போட்டிருந்தார். திருத்தியபோது கோடு ஆயாவின் மீட்டர் பெட்டிக்கு அருகில் வந்தது. அதன் பிறகுதான் கல்வெர்ட்டின் வாயை அகலமாக்கவும், மண்மேட்டைக் குறைத்து, பெருவெள்ளம் சாலைக்கு மேலே வழிந்து போகும்படி ஓரிடத்தைத் தாழ்த்தவும் நகராட்சி ஒப்புக்கொண்டது.

கோயில் கமிட்டியிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் வேறொன்றைக் கேட்டார். திருவிழா நாளில் அவர்கள் ஆற்றங்கரையில்தான் கரகம் சோடிப்பார்கள். அங்கிருந்து பறையும் உடுக்கையும் முழங்க ஊர்வலம் கோயிலுக்குப் போகும். வரைபடத்தில் இரண்டு கரையிலும் கேபியன், அதாவது கல் நிரப்பிய கம்பிக்கூடைகள், செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தன. "சாமி எந்த வழியா ஏறும்?" என்று அவர் கேட்டபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் கேபியனைச் சரிவாக அடுக்கிப் படிக்கட்டு வைப்பது என்று முடிவானது. அதே கூட்டத்தில் ஒரு ஜூலு மூதாட்டி, இங்கே அப்படிப்பட்டவர்களைக் கோகோ என்று கூப்பிடுவோம், பாலத்துக்குக் கீழே இருக்கும் கோரையைப் பற்றிப் பேசினார். அதை வெட்டிப் பாய் முடைவார்கள். ஜூலுக் கல்யாணத்தில் பாய் கொடுப்பது முக்கியமான முறை. வேலை நடக்கும்போது அந்தக் கோரை மிதிபடக் கூடாது, வெட்டும் மாதங்களில் வழி அடைபடக் கூடாது என்றார். அதையும் மேலாண்மைத் திட்டத்தில் எழுதினோம். வேலி எங்கே போட வேண்டும் என்பதை அவரே வந்து நின்று காட்டினார்.

இன்னொரு குரலும் கூட்டத்தில் பலமாக எழுந்தது: "மேலே கழிவுநீர் பம்ப் நிலையம் வழிந்துகொண்டே இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பாலம் எதற்கு?" எங்கள் விண்ணப்பத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் விஷயம் அது. இருந்தாலும் ஒவ்வொரு கருத்தையும் அதற்குத் தந்த பதிலையும் அட்டவணையாக அறிக்கையில் சேர்ப்பது கட்டாயம். அதனால் அந்தப் புகார் மாகாணத் துறையின் மேசைக்கு எழுத்தில் போனது. பல ஆண்டுகளாக வாய்ப்பேச்சாக இருந்த ஒன்று அரசுக் கோப்பில் ஏறிவிட்டது.

இந்த நாட்டில் நம் மக்களுக்கு இந்தச் சட்டங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஆற்றோரத் தாழ்நிலங்களில் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைத்த நிலம் அதுதான். உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு பகுதி அப்படித்தான் நிறைந்தது. 1917 அக்டோபரில் உம்கேனி பெருக்கெடுத்தபோது படவட்டான் குடும்பத்தைச் சேர்ந்தவர் உட்பட ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 'படவட்டான் அறுவர்' என்று இன்றும் டர்பனில் சொல்வார்கள். அதற்கு அறுபது ஆண்டுகள் ஆகும் முன்பே, 1976இல், அதே தாழ்நிலத்தில் இருந்த டின் டவுன் குடியிருப்பு மறுபடி மூழ்கியது. அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸில் குடியேற்றினார்கள். ஆபத்தான நிலத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

1980இல் டர்பனின் கிளேர் எஸ்டேட்டில், வீடுகளுக்கு நடுவே, பிசாசர் ரோடு குப்பைக்கிடங்கு திறக்கப்பட்டதும் நிறவெறிக் காலத்து நகர நிர்வாகத்தின் முடிவுதான். எதிரே குடியிருந்த சாஜிதா கான் அதை மூடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மனு போட்டார், கையெழுத்து சேகரித்தார், நீதிமன்றப் படியேறினார். 2007இல் அவர் இறந்தபோது கிடங்கு நடந்துகொண்டுதான் இருந்தது. 1996 அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடில்லாத சூழல் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 1998 சுற்றுச்சூழல் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், கேடுகளை எளிய மக்கள் தலையில் பாரபட்சமாக இறக்கி வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்தால் எனக்குப் பிசாசர் ரோடும் டின் டவுனும்தான் நினைவுக்கு வரும். கருத்துக் கேட்பு நாட்களைக் குறைத்துவிடலாம், சின்ன வேலைகளுக்கு வேண்டாம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

"அப்படியென்றால் வெள்ளம் வந்து பாலம் போனாலும் 197 நாள் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். அதே சட்டத்தில் 30ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. திடீரென்று வந்த, உயிருக்கோ உடைமைக்கோ சூழலுக்கோ உடனடி ஆபத்து தரும் நிலைமை என்றால், அதிகாரம் உள்ளவர் வாய்மொழியாகவே உத்தரவு தரலாம். ஏழு நாளுக்குள் அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஊர் துண்டிக்கப்பட்டால் தற்காலிகமாகக் குழாய் போட்டு மண் நிரப்பி வழி திறக்க இது போதும். ஆனால் பல ஆண்டுகளாக விரிசல் விட்டுக்கொண்டிருந்த பாலத்தை "அவசரம்" என்ற பெயரில் இந்தப் பிரிவுக்குள் நுழைக்க முடியாது. அப்படிக் கேட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன்.

அனுமதி வாங்காமல் வேலையை முடித்துவிட்டுப் பிறகு அபராதம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்ற வழியும் ஒன்று இருக்கிறது. அபராதம் இப்போது ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். நகராட்சி அதைக் கட்டினால் அது வீட்டு வரி கட்டும் மக்களின் பணம். அதே பணத்தில் எத்தனை தெருவிளக்கு எரியும் என்று நான் கமிட்டிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

நகராட்சிப் பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால், பராமரிப்பு மேலாண்மைத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் 10 கன மீட்டர் என்ற அந்த விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்புத் திட்டத்தின்படி செய்யும் வேலைக்கு ஒவ்வொரு தடவையும் தனி அனுமதி வேண்டியதில்லை. எந்தெந்தக் கல்வெர்ட்டில், எந்த மாதத்தில், எந்த இயந்திரத்தை எந்தப் பக்கத்தில் நிறுத்தி, அள்ளிய வண்டலை எங்கே கொட்டுவது என்று ஊர் முழுக்க ஒரே திட்டமாக எழுதி ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிட்டால், ஒவ்வொரு மழைக்கு முன்பும் அடைப்பை எடுத்துக்கொண்டே இருக்கலாம். நான் வேலை பார்த்த இடங்களில் இது இருந்தது மிகக் குறைவு. இல்லாததால் யாரும் குழாயைத் தொடுவதில்லை, "அனுமதி இல்லை" என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். அடைத்துக்கொண்ட குழாய் அடுத்த வெள்ளத்தில் பாலத்தையே கொண்டுபோகிறது. இதை மட்டும் எல்லா நகராட்சிகளும் செய்துவிட்டால் என்னிடம் வரும் வேலை பாதியாகக் குறையும். குறையட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தத் தரைப்பாலம் கட்டி முடிந்து மக்கள் போய்வருகிறார்கள். அனுமதியில் போட்ட நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று பார்க்க, வேலை முடியும்வரை சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர் ஒருவர் களத்தில் இருந்தார். கான்கிரீட் கழுவிய தண்ணீர் ஆற்றில் விடப்படவில்லை, டீசல் தொட்டிக்கு அடியில் கசிவுத் தட்டு இருந்தது, கரையில் உள்ளூர் நாணலையே திரும்ப நட்டார்கள். கரையோரம் நின்ற நாவல் மரங்களை எடுத்ததில் மட்டும் ஊரில் சிலருக்கு வருத்தம். நம் முன்னோர்களோடு வந்த மரம், பிள்ளைகள் கல்லெறிந்து பழம் பறிக்கும் மரம். ஆனால் இந்த மாகாணத்தில் அது பரவவிடக் கூடாத அயல் இனப் பட்டியலில் இருக்கிறது. எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் விதி விதிதான்.

டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றோரத்தில், சாலையோரத்தில் வேலியில் கட்டிய அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் படியுங்கள். அதில் ஒரு மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள், பணம் எதுவும் வேண்டாம், பொறியியல் தெரிந்திருக்கவும் வேண்டாம். வரைவு அறிக்கையை உங்களுக்கு அனுப்புவார்கள், 30 நாள் தருவார்கள். பெரிய கடிதமெல்லாம் தேவையில்லை: வெள்ளம் எதுவரை வந்தது, பிள்ளைகள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே குழாய் வழிகிறது, அவ்வளவு எழுதினால் போதும். முடிவு வரும்போது உங்களுக்கும் தகவல் வரும். வயதானவர்கள் எழுதச் சிரமப்பட்டால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள், அதுவும் செல்லும். கூட்டத்துக்கு அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.